டியூன் 2: மணலில் இறங்கும் முன் கான்கிரீட்டைக் கவனியுங்கள்

வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் 1992இல் உருவாக்கிய, தளம் கட்டிப் படை நடத்தும் கணினி கேம் இது. மூன்று குலங்களில் ஒன்றை எடுத்தால் 9 கட்டங்கள். இன்று ஆடுபவரை முதலில் கடுப்பேற்றுவது கட்டுப்பாடுதான். ஒரு நேரத்தில் ஒரே வண்டியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பத்து டாங்கிகளை நகர்த்தப் பத்துத் தடவை கட்டளை கொடுக்க வேண்டும்.

பாறையில் கான்கிரீட் பதிக்காமல் எதையும் கட்டாதீர்கள். ஒரு பலகை 5 கிரெடிட்தான் (கேமில் புழங்கும் காசு). அதில் கஞ்சத்தனம் பார்த்தால் கட்டடம் அரைகுறை வலுவோடுதான் எழும். ரிப்பேருக்கே காசு கரையும். மின்சாரம் பற்றாவிட்டால் ரேடார் அணைந்துவிடும்.

மணலில் கிடக்கும் ஸ்பைஸ்தான் இங்கே வருமானம். அதை அள்ளிவரும் வண்டியான ஹார்வெஸ்டர் நிறைந்தால் ஒரு நடைக்கு 700 கிரெடிட். சைலோ (ஸ்பைஸ் சேமிக்கும் கிடங்கு) நிரம்பியிருந்தால் வந்த ஸ்பைஸ் வீண், அதனால் முன்கூட்டியே இன்னொன்று கட்டிவிடுங்கள். மணலுக்கடியில் திரிந்து வண்டிகளை விழுங்கும் மணற்புழு பாறைக்கு வராது. எச்சரிக்கைக் குரல் கேட்டதும் ஹார்வெஸ்டரைப் பாறையில் ஏற்றுங்கள். கொஞ்சம் அசந்தாலும் வண்டி முழுசாக அதன் வாய்க்குள்.

மூன்று குலங்களில் ஒன்றான ஆர்டோஸின் டீவியேட்டர் (வாயு ஏவுகணை வண்டி) தனி ரகம்: வாயு பட்ட எதிரி டாங்கி சற்று நேரம் நம் பக்கம். உடனே அதை அவர்கள் தளத்தின் மீதே ஏவுங்கள்.