வெப்பமா, மழையா: எந்தப் பதிவு தெளிவாகப் பேசுகிறது?

பருவநிலை மாற்றத்தை வானிலை நிலையப் பதிவுகளில் தேடுவதென்றால், நான் முதலில் வெப்பநிலையைத்தான் எடுப்பேன். ஓராண்டு கடலூரில் வழக்கத்தைவிடச் சூடு கூடினால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் பெரும்பாலும் அதே போக்குதான். அதனால் குறைவான நிலையங்களை வைத்தே உலகச் சராசரியைக் கணக்கிட முடிகிறது: 1850–1900 காலத்தைவிட 2011–2020 சுமார் 1.1 டிகிரி சூடு. கருவியை இடம் மாற்றினாலோ பக்கத்தில் கட்டடம் முளைத்தாலோ அளவு பிசகும்தான். அக்கம்பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுத் திருத்திவிடுகிறார்கள்.

மழை அவ்வளவு எளிதில் பிடி கொடுக்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடலூரில் அதைவிட வெகு குறைவு. நமக்கு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். ஒரு தாழ்வு மண்டலம் திசை மாறினால் ஆண்டுக் கணக்கே தலைகீழ். முப்பது ஆண்டுப் பதிவில்கூட கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்ல முடியாமல் போகலாம்.

சரி, மழைப் பதிவு வீணா? இல்லை. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும்; கொட்டும்போது மழை இன்னும் கனமாகக் கொட்டும். ஆகவே ஆண்டு மொத்தத்தை விட்டுவிட்டு, கனமழை நாள்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். வடிகால் அகலத்தைத் தீர்மானிக்கும் பொறியாளருக்கும் அந்தக் கணக்குதான் வேண்டும்.