காலாபாகோஸ் கப்பல் பேக்கேஜ்: வேலூர்க்காரர்கள் அட்வான்ஸ் கட்டும் முன் படியுங்கள்

காட்பாடியில் ஒரு டிராவல் ஏஜென்ட் விற்ற காலாபாகோஸ் (தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான பசிபிக் தீவுகள்) கப்பல் பேக்கேஜில் நாங்கள் நாலு பேர் ஏமாந்தோம். நோட்டீஸில் இரண்டு பெரிய படங்கள்: மஞ்சள் அலகு ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை, குட்டைச் சிறகை வெயிலில் விரித்து நிற்கும் பறக்காத நீர்க்காகம். கீழே, ‘8 நாள், பிப்ரவரிப் புறப்பாடு, எல்லாச் செலவும் சேர்த்து’. அத்தனையும் பொய்.

அந்த ஆல்பட்ராஸ் கூடு கட்டுவது எஸ்பன்யோலா தீவில், ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை. ஜனவரி முதல் மார்ச் வரை கடலோடு போய்விடும். கனத்த உடம்போடு ஓடிவந்து அவை காற்றில் பாயும் பாறை விளிம்பு பிப்ரவரியில் வெறிச்சென்று கிடக்கும். நீர்க்காகமோ மேற்கே பெர்னாண்டினா, இசபெலா கரைகளில் மட்டும்தான். எங்களுக்கு விற்றது கிழக்குப் பாதை: சான் கிறிஸ்டோபல், எஸ்பன்யோலா, புளோரியானா, சாந்தா குரூஸ்.

ஒரு கப்பல் போன இடத்துக்கே 14 நாளுக்குள் திரும்பக் கூடாது என்பது அங்குள்ள தேசியப் பூங்காவின் விதி. அதனால்தான் ஒரே கப்பல் ஒரு வாரம் மேற்கே, மறுவாரம் கிழக்கே போகும். கப்பல் பெயரை மட்டும் கேட்டால் போதாது. உங்கள் தேதிக்கு எந்தப் பாதை, தினமும் காலையும் மாலையும் எங்கே, கரையில் இறங்குவதா, ரப்பர் படகிலிருந்தே பார்ப்பதா என்று எழுத்தில் வாங்குங்கள். ‘பாதை மாறலாம்’ என்ற வரியைக் காட்டி எங்கள் ஏஜென்ட் நழுவிவிட்டார். எரிமலை சீறினாலோ கடல் கொந்தளித்தாலோ பாதை மாறுவது உண்மைதான். ஆனால் கிழக்கா மேற்கா என்பது முன்பே தெரிந்த விஷயம்.

எட்டு நாளில் முதல் நாள் மதியம்தான் கப்பலேறுவீர்கள், கடைசி நாள் காலையில் இறக்கிவிடுவார்கள். முழு நாள் ஆறுதான். பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து 200 டாலர், பயண அட்டைக்கு 20 டாலர். ‘எல்லாம் சேர்த்து’ என்றவர்கள் இவற்றைச் சேர்க்கவே இல்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி மூச்சே விடவில்லை. ஈக்வடாரிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்கூட்டியே போய் வாருங்கள்.

ரசீதில் ‘இந்தக் கப்பல் அல்லது இதற்கு நிகரானது’ என்று இருந்தால், அந்த வரியை அடித்துக் கையெழுத்து வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.