அய்யாவோட மெடலும் பழைய போட்டோவும் பிரேம் போட்ட கடை, மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம்

வீட்டுல பெரியவங்களோட பழைய போட்டோ, ராணுவ மெடல் எல்லாம் டிரங்க் பெட்டிக்குள்ள கிடந்து வீணாப் போகுதேன்னு நினைக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். டவுன்ஹால் ரோட்டுல இருந்து பிரியற ஒரு சந்துல சின்னக் கடை, ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு வெளியதான் நிக்கணும், ஆனா வேலை அம்புட்டு சுத்தம்.

எங்க அய்யா, அதாவது அப்பாவோட அப்பா, 2024ல தவறிட்டாங்க, 93 வயசு. திருமங்கலம் பக்கத்துல கிராமம். 1950ல 19 வயசுல பெங்களூருக்குப் போயி ராணுவத்தோட என்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ்ல சேந்தாங்க, 1973ல ஹவில்தாரா பென்ஷன் வந்தாங்க. சாப்பர்னா பாலம் போடுறது, ரோடு போடுறது, கண்ணிவெடி புதைக்கிறது, எதிரி புதைச்சத எடுக்கிறது, படை முன்னாடி போகணும்னா இவங்க அதுக்கு முன்னாடி போயாகணும். ராணுவத்துல இவங்கள "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்களாம், 90 வயசுலயும் அத சொல்லும்போது அய்யா மொகத்துல ஒரு சந்தோஷம் வரும்.

1965 பாகிஸ்தான் சண்டையில மேற்கு எல்லை, 1971 சண்டையில கிழக்கு. டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவுல பாகிஸ்தான் படை சரண்டர் ஆனப்ப இவங்க அந்தப் பக்கம்தான் இருந்திருக்காங்க. சண்டையப் பத்தி நாங்க கேட்டா வாயே திறக்க மாட்டாங்க, அங்க இருந்த ஆத்தப் பத்தி மட்டும் பேசுவாங்க, "வைகைய பாத்து வளந்த பய நானு, அங்க போயி நின்னா மறுகரையே தெரியல, இதுல எங்கிட்டுடா பாலத்தப் போடுறதுன்னு இருந்துச்சு"ன்னு.

ஊருக்கு வந்தப்புறம் 51 வருஷம் பென்ஷன் வாங்குனாங்க. வருஷா வருஷம் நவம்பர்ல உயிர்ச்சான்று குடுக்க கடைசி வரைக்கும் தானே நேர்ல போனாங்க, வெள்ளைச் சட்டைய தேச்சு போட்டுக்கிட்டு. ஊருல யாருக்கு விதவை பென்ஷன் வரலன்னாலும் பட்டா மாறலன்னாலும் மனு எழுதுறது அய்யாதான். எங்க வீட்டுல ஒரு கல்யாணம் அவங்களக் கேக்காம பேசி முடிச்சதில்ல, அப்பத்தாவ மட்டும் எதுக்கும் எதுத்துப் பேச மாட்டாங்க.

இனி கடை விஷயம். வருஷ தெவசத்துக்குள்ள நல்லதா ஒரு படம் மாட்டணும்னு பெங்களூர்ல டிரெய்னிங் முடிச்சப்ப எடுத்த போட்டோவ முதல்ல வேற ஒரு இடத்துல குடுத்தோம். ஏஐ போட்டு கலராக்கித் தந்தாங்க. அய்யாவ சிவப்பாக்கி, தாடையில இருந்த தழும்ப அழிச்சு, பரேடுக்குப் போடுற அந்த உயரமான தொப்பிய எடுத்துட்டு போலீஸ் தொப்பி மாதிரி ஒண்ண வச்சிட்டாங்க. அப்பத்தா பாத்துட்டு "இது யாருடா"ன்னு கேட்டுச்சு. அந்தத் தழும்பு சின்ன வயசுல மாடு முட்டுனது, அது இல்லாம அய்யா மொகத்த எங்களால யோசிக்கவே முடியாது.

அப்புறம்தான் ஒருத்தர் சொல்லி இந்தக் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் போட்டோவ வாங்குனதுமே வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்துட்டு, "தம்பி, படம் கண்ணாடியோட ஒட்டிப் போச்சு, பிரிச்சா மூஞ்சி கண்ணாடியோட வந்துரும், அப்படியே கண்ணாடியோட ஸ்கேன் எடுத்துக்குவோம்"னாரு. சரி பண்ணும்போது பூஞ்சைப் புள்ளியையும் கீறலையும் மட்டும் எடுத்தாரு, கருப்பு வெள்ளையாவே விட்டுட்டாரு. ஒரு காதோரம் பூஞ்சையில சுத்தமா போயிருந்துச்சு, அத இஷ்டத்துக்கு வரையாம வேற போட்டோ இருந்தா கொண்டாங்கன்னு கேட்டு அதப் பாத்து சரி பண்ணாரு. தழும்பு அப்படியே இருக்கு, தொப்பி அப்படியே இருக்கு.

மெடல் மொத்தம் ஏழு, 1965 சண்டைக்கு சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷாவும், 1971 சண்டைக்கு பூர்வி ஸ்டாரும் சங்ராமும், சுதந்திர வெள்ளி விழாவுக்கு குடுத்தது, 20 வருஷ சர்வீஸ், 9 வருஷ சர்வீஸ். சித்தி புளி போட்டு தேச்சு பளபளன்னு ஆக்கித் தரேன்னு நின்னாங்க. அண்ணன் வேணவே வேணாம்னுட்டாரு. வட்ட மெடலோட விளிம்புல பொடி எழுத்துல ராணுவ நம்பரும் பேரும் பொறிச்சிருக்கும், தேய்க்கத் தேய்க்க அது போயிரும்னு சொல்லி லென்ஸ் வச்சு காட்டுனாரு. அய்யா பேர அந்த விளிம்புல அன்னிக்குத்தான் நாங்க எல்லாருமே முதல் தடவையா படிச்சோம், அப்பா ரொம்ப நேரம் லென்ஸ திருப்பிக் குடுக்கவே இல்ல.

மெடலுக்கு பசை தொடவே இல்ல. ரிப்பன தைச்சு, மெடல தேவைப்பட்டா கழட்டுற மாதிரி பெட்டி பிரேமுக்குள்ள மாட்டியிருக்காரு. ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவுல நெஞ்சுல ரிப்பன் எந்த வரிசையில இருக்குன்னு செல்லுல பெருசு பண்ணிப் பாத்து அதே வரிசையில வச்சாரு. கண்ணாடி படத்துல ஒட்டாம நடுவுல இடைவெளி, பின்னாடி பூச்சி போகாம முழுக்க டேப். பழைய ஒரிஜினலையும் பேப்பர் உறையில போட்டு பத்திரமா திருப்பிக் குடுத்தாரு.

போட்டோ வேலைக்கு 700, பெட்டி பிரேமுக்கு 2,400 ஆச்சு. கம்மி இல்லதான், ஆனா குடுக்கலாம். குறைன்னா, சொன்ன தேதிக்கு வேலை முடியாது, ஒத்த ஆளா பாக்குறாரு, நாமதான் போன் போட்டு கேக்கணும், விசேஷத்துக்கு வேணும்னா ஒரு மாசம் முன்னாடியே குடுத்துருங்க. பைக் நிறுத்த அந்தச் சந்துல இடமே கிடையாது. சாயங்காலம் கூட்டமா இருக்கும், காலைல பத்தரை வாக்குல போனா நிதானமா பேசுவாரு. மெடல் கொண்டு போறவங்க, ராணுவத்துல இருந்து வெளிய வரும்போது குடுக்குற டிஸ்சார்ஜ் புக்கையும் கையோட எடுத்துட்டுப் போங்க, எந்த மெடல் எதுக்குன்னு அதப் பாத்துதான் அடியில பேரு அடிச்சு ஒட்டுறாரு.