செட்டிநாட்டு வெயிலில் கிரீன் ஸ்டஃப்பும் மில்லிபுட்டும்: மூன்று கோடைப் பயன்பாடு

கிரீன் ஸ்டஃப், மில்லிபுட் இரண்டும் சிறு பொம்மைகளில் சிற்ப வேலைக்கான எபாக்சி பட்டிகள்; இரண்டு பாகத்தைச் சேர்த்துப் பிசைந்தால் தானாக இறுகும். கிரீன் ஸ்டஃப்பைப் பிசைந்தால் ஒன்றரை மணி நேரம் வேலை செய்யலாம் என்று வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்லும். அது சுமார் 20 டிகிரி அறைக்கான கணக்கு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் எபாக்சி இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். காரைக்குடியில் மே மாத மதியம் 38 டிகிரியில் அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மூன்று கோடைகளில் கெட்டுப்போன சிற்ப வேலைகளில் பெரும்பாலானவை கைக்குறையால் கெட்டவை அல்ல, இந்தக் கணக்குப் பிசகால் கெட்டவை.

அதனால் இங்கே முதல் விதி அளவுதான். ஒரு தடவைக்கு ஒரு பட்டாணி அளவு மட்டும் பிசையுங்கள். காலை 6 முதல் 8 வரை, அல்லது இரவு 9-க்கு மேல் நல்லது. பழைய வீடாக இருந்தால் இரண்டாம் கட்டு அறை முகப்பைவிடக் குளுமையாக இருக்கும். பிசைந்ததில் மீதி இருந்தால் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. சுற்றியபடியே அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். குளிர்ந்த பட்டியின் மேல் வேர்க்கும் நீர்த்துளி, பொம்மையில் ஒட்ட விடாது.

கிரீன் ஸ்டஃப்பை நீலமும் மஞ்சளும் ஒட்டிய பட்டையாக வாங்கினால், இரண்டும் தொடும் நடுக்கோட்டில் ஏற்கெனவே இறுகிய பொடித்துகள்கள் இருக்கும். அந்த இடத்தில் 2 மி.மீ. அளவு வெட்டி எறியுங்கள். காசு போகிறதே என்று விட்டால், முகத்தில் கண் வைக்கும் இடத்தில்தான் அந்தத் துகள் வந்து நிற்கும். நீலக் கீற்று, மஞ்சள் கீற்று எதுவும் தெரியாதவரை மூன்று நான்கு நிமிடம் பிசைய வேண்டும். கீற்று நின்ற இடம் சரியாக இறுகாது. மஞ்சள் கூடினால் பட்டி மெத்தென்று இழுபடும், இறுகிய பிறகும் வளையும். நீலம் கூடினால் விறைப்பாக நிற்கும், கூர்மையான விளிம்புகளுக்கு அதுவே ஏற்றது.

கிரீன் ஸ்டஃப்பின் பெரிய குறை, இறுகிய பிறகும் ரப்பர்போல இருப்பது. அரம் போட்டால் பிய்யும். மில்லிபுட் கல்லாக இறுகி அரத்துக்கு அருமையாக வழிவிடும், ஆனால் மெல்லியதாக இழுத்தால் உடையும். இரண்டையும் சம அளவில் கலந்தால் விளிம்பும் நிற்கும், அரமும் ஏறும். கவசம், கொம்பு, வாள் எல்லாவற்றுக்கும் எங்கள் தேர்வு இந்தக் கலவைதான். தண்ணீர் மட்டும் கவனம். இறுகாத மில்லிபுட் நீரில் கரையும், விரலைத் தாராளமாக நனைத்தால் சேறாகிவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், குழாய்க் கசிவு அடைக்கும் எபாக்சி மலிவு. சில நிமிடங்களில் இறுகும், மணல்போலக் கரகரக்கும். அடித்தளப் பாறைக்கும் உள்ளே நிரப்பவும் சரி, முகத்துக்கு வேண்டாம்.

இனி, வார்ஹாமர் என்ற பொம்மைப் போர் விளையாட்டில், அழுகலின் கடவுளான நர்கிளின் படைக்குப் பலரும் கேட்கும் ஆக்டோபஸ் கைகள். மோட்டார் காயில் கட்டும் கடையில் 26 கேஜ் செம்புக் கம்பி வாங்கி, மேல் வார்னிஷைப் பிளேடால் சுரண்டி, இரண்டு இழையாக முறுக்குங்கள். ஒற்றைக் கம்பியில் பட்டி சுற்றிச் சுழலும், முறுக்கின் பள்ளம்தான் அதைப் பிடித்து நிறுத்தும். பொம்மையில் 1 மி.மீ. துளையிட்டு சூப்பர் குளூவால் நடுங்கள். முதல் பூச்சு மெல்லியதாக, வடிவம் பற்றிக் கவலைப்படாமல், ஒரு இரவு காய வேண்டும். மறுநாள்தான் தோல். ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் ஒரு பக்கம் அழுத்தும்போது மறுபக்கம் நசுங்கும். முகப்புகளில் சுதை வேலை செய்தவர்களும் முதலில் முரட்டுப் பூச்சு, பிறகு நைசான பூச்சு என்றுதான் ஏற்றினார்கள்.

தோலில் வரி வேண்டுமென்றால், சீப்புச் சீடைக்கு மாவை அழுத்துவதுபோலப் புதுச் சீப்பை நனைத்து மெதுவாக அழுத்தி உருட்டுங்கள். பட்டி விரலில் ஒட்டாமல், ஆனால் நகம் பதியும் பதத்தில் இருக்க வேண்டும். சீக்கிரம் அழுத்தினால் சீப்போடு வந்துவிடும், தாமதித்தால் வரி விழாது. உறிஞ்சிகளுக்கு 1 மி.மீ. உருண்டை ஒட்டி நடுவில் ஊசியால் குத்தினால் போதும்.

கந்தல் துணிக்குத் தட்டையான கண்ணாடி வேண்டும். ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்த வழவழப்பு கண்ணாடித் தட்டில் ஊற்றுவதால் வருகிறது, பட்டிக்கும் அப்படியே. துளி எண்ணெய் தடவி அரை மி.மீ. கனத்துக்குத் தேயுங்கள். கோடையில் பத்து நிமிடம் பொறுத்து, பாதி இறுகியதும் வெட்டித் தூக்கிப் போர்த்துங்கள். முன்பே தூக்கினால் நீளும், பின்பு தூக்கினால் மடிப்பில் வெடிக்கும். மடிப்புகளை நிஜத்தைவிட ஆழமாக்குங்கள். வீட்டு முகப்பின் சுதை கஜலட்சுமியைக் கீழிருந்து பார்த்தால் சேலை மடிப்பு தெரிவது அந்த ஆழத்தின் நிழலால்தான்.

துருவுக்கும் அழுகலுக்கும் சூப்பர் குளூ தடவி ஆப்ப சோடா தூவினால் நொடியில் சொரசொரப்பாக இறுகும். சூடும் புகையும் கிளம்பும், ஜன்னல் திறந்திருக்கட்டும். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பாகங்களுக்கு அருகில் இதைச் செய்யாதீர்கள், பசையின் ஆவி ஈரக்காற்றில் வெள்ளையாகப் படியும்.

வேகமாக இறுக மொட்டை மாடி வெயிலில் வைப்பது இங்கே பெரிய ஆசை. உலோகப் பொம்மைக்குப் பரவாயில்லை, ரெசின் பொம்மையின் வாள் வளைந்துவிடும்.

நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்சி ஒவ்வாமை மெல்ல மெல்லச் சேர்ந்து, வந்தபின் போகாது. அரம் போடும்போது முகக்கவசம் போடுங்கள். முடிந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு எண்ணெயைக் கழுவிவிட்டு மெல்லிய சாம்பல் நிறப் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். பட்டியின் பச்சை நிறத்தில் கண்ணுக்குத் தப்பிய கைரேகை அப்போதுதான் தெரியும். மென்மையான இடத்தில் அதைப் பிளேடு முனையால் சீவி, கழுவி, மேலே மில்லிபுட்டைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் ஒரு பூச்சுக் கொடுத்தால் மறையும்.