மேசை சுமார், சனிக்கிழமை பிரமாதம்: தஞ்சாவூர் கோ-வொர்க்கிங் ஒன்றில் 14 மாதம்

கோ-வொர்க்கிங் என்றால் பல தொழில்காரர்கள் வாடகைக்கு மேசை எடுத்து ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது. இடத்தின் பேரைப் போடவில்லை. குறையும் எழுதப் போகிறேன், நடத்துகிற அண்ணன் நல்ல மனிதர், எதற்கு வம்பு. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் கீழே மருந்துக் கடை, மேலே இரண்டாவது மாடி. அந்த ரோட்டில் பாதிக் கட்டடத்துக்குக் கீழே மருந்துக் கடைதான் என்பதால் இதை வைத்து யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.

மாதம் 3,500 ரூபாய், ஒரு நாள் மட்டும் உட்கார 250. பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்து போகிறேன். தொழில், விவசாயிகளுக்குக் கதிர் அறுக்கும் மிஷின் முன்பதிவு செய்து கொடுப்பது. செயலி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் முக்கால்வாசி வாட்ஸ்அப்பும் போனும்தான்.

இடத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். வைஃபை நன்றாக இருக்கிறது. நாற்காலி பத்தில் நாலு ஆடும், காலையில் முதலில் வருபவருக்கு நல்லது கிடைக்கும். மாதாமாதம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் யூபிஎஸ் விளக்குக்கும் வைஃபைக்கும்தான் தாங்கும், ஏசிக்குக் கிடையாது; மே மாதத்தில் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுங்கள். போன் பேசத் தனியாக ஒரு கண்ணாடி அறை உண்டு, கதவு முழுசாக மூடாது, நீங்கள் கடன் கேட்பது மாடி முழுக்கக் கேட்கும். கழிப்பறை ஒன்றே ஒன்று. இவ்வளவுக்குத்தான் 3,500 என்றால் தாராளமாக வேண்டாம் என்பேன்.

நான் காசு கட்டுவது சனிக்கிழமைக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். தொழில் என்றால் எல்லாரும் கம்ப்யூட்டர்க்காரர்கள் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா அவலை இணையத்தில் விற்பவர் ஒருவர், நாச்சியார்கோவில் குத்துவிளக்கை வெளிநாட்டுக்கு அனுப்புகிற அக்கா ஒருவர், கல்லூரி முடித்த கையோடு ட்ரோன் மருந்து தெளிப்பில் இறங்கிய இரண்டு பசங்கள், ரைஸ் மில்லை மகனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் வந்து உட்காரும் ஒரு பெரியவர். பேராவூரணியிலிருந்து வருகிறவர் தென்னை நார்க்கழிவுக் கட்டி செய்கிறார். எங்கள் மேசையில் ஒரு கணக்கு நோட்டு உண்டு, அது அவர் கொண்டுவந்ததுதான்.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து தெரியும்தானே? ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிட்டு மொய் வாங்குவார்கள். ஒருவர் உட்கார்ந்து பேர், ஊர், தொகை என்று எழுதிக்கொண்டே இருப்பார். அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்யவேண்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஆனால் செய்யாவிட்டால் தெருவில் நடக்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயலில் வீட்டுத் தென்னை எல்லாம் சாய்ந்தபிறகு இவருக்கு முதல் மிஷின் வாங்கப் பணம் அந்த மொய்யில்தான் வந்ததாம். அதே மாதிரி நீளமான கணக்கு நோட்டு ஒன்றை மேசையில் வைத்து, இதில் பணம் எழுதக்கூடாது, உதவி மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். தேதி, கேட்டவர், கேட்டது, செய்தவர் என்று நாலு கட்டம். முதல் பக்கத்தில் இருப்பதில் சில: "300 லேபிள் மட்டும் அச்சடித்துத் தரும் பிரஸ்", "ஜிஎஸ்டி ரிட்டர்ன் தப்பாகப் போட்டுவிட்டேன், பக்கத்தில் உட்கார ஆள்", "மாமனாரிடம் வந்து பேச ஒரு பெரியவர்". கடைசியாகச் சொன்னதற்கு மில்காரர் நிஜமாகவே மன்னார்குடி வரைக்கும் போய்விட்டு வந்தார். மூன்று உதவி வாங்கிவிட்டு ஒன்றுகூடத் திருப்பிச் செய்யாதவருக்கு நாலாவது வரி கிடையாது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு சம்பா அறுப்பில் 11 விவசாயிகளிடம் தலைக்கு 500 அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். தை மாதத்தில் எதிர்பாராத மழை, வயலில் தண்ணீர், டயர் மிஷின் இறங்காது, பெல்ட் மிஷின்தான் வேண்டும். புரோக்கர் எனக்குச் சொன்ன இரண்டு பெல்ட் மிஷினையும் கூடுதல் வாடகைக்கு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு போனை அணைத்துவிட்டார். கதிர் சாய்ந்துவிட்டது. ஒருவர் எப்படியோ அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல், காயவைத்துக் கொண்டு வா என்று திருப்பிவிட்டார்கள். அவர் நேராக எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்தார், அப்பா உட்கார்ந்திருந்தார், அப்பா முன்னாலேயே கேட்டார்: "உம் பையன் போன்ல நெல்லு அறுப்பானாமே, எங்க அறுக்கச் சொல்லு பாப்போம்." அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் வெளியே தலைகாட்டவில்லை. வீட்டில் மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

நாலாவது சனிக்கிழமை இங்கே சொன்னேன். யாரும் "தோல்விதான் முதல் படி" என்று ஆரம்பிக்கவில்லை, அதுவே பெரிய நிம்மதி. மில்காரர் மட்டும் கேட்டார், "தம்பி, விவசாயிக்கு என்ன லாபம்னு சொன்னே. மிஷின்காரனுக்கு என்ன கட்டும்?" என்னிடம் பதில் இல்லை. அவரே சொன்னார்: ஒரு ஊரில் ரெண்டு ஏக்கர், எட்டு கிலோமீட்டர் தள்ளி மூணு ஏக்கர் என்றால் லாரியில் ஏற்றி இறக்குவதிலேயே மிஷினுக்கு அரை நாள் போய்விடும், அவன் உன்னை விட்டு ஓடத்தான் செய்வான். ஆளாளுக்குப் பதியாதே, வாய்க்கால் வாய்க்காலாகப் பதி. ஒரே வாய்க்காலில் முப்பது ஏக்கர் சேர்ந்தால் மிஷின்காரன் உன் வீட்டு வாசலில் நிற்பான்.

அதைத்தான் அடுத்த குறுவையிலிருந்து செய்கிறேன். அவல்காரர் இன்னொன்றைப் பிடித்தார்: என் படிவத்தில் ஏக்கர் மட்டும்தான் இருந்தது, எங்கள் பக்கம் பெரியவர்கள் மா கணக்கில்தான் பேசுவார்கள், மூன்று மா ஒரு ஏக்கர். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த வார்த்தை, எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

சரி, குறைக்கு வருவோம். இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை இடத்துக்காரர் ஏதோ ஓசி சலுகை மாதிரி நினைக்கிறார். அவர் விளம்பரம் செய்வதெல்லாம் மாதம் ஒருமுறை நடக்கும் சிறப்புப் பேச்சை. வெளியூரிலிருந்து ஒருவர் வருவார், ஸ்லைடு பூரா ஆங்கிலம், பத்து மடங்கு வளருங்கள் என்பார். வருஷத்தில் இரண்டு அறுப்புக் காலம் உள்ள தொழில், மீதி மாதம் என்ன செய்வது என்று கேட்டால் பஞ்சாபுக்கும் விரிவுபடுத்துங்கள் என்றார் ஒருவர். இன்னொரு தடவை ஒரு ஆலோசகரைக் கூட்டிவந்தார்கள், உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு செய்து தர 2,500 ரூபாய் என்று மூன்று பேரிடம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அரசு தளத்தில் அது முழுக்க இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேர வேலை. அன்றைக்கு அண்ணனிடம் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன்.

மானியத்தைப் பற்றி உருப்படியாகத் தெரிந்துகொண்டது விளக்கு அக்காவிடம். மாவட்டத் தொழில் மையத்துக்கு நடையாய் நடந்தவர். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம் என்று நோட்டீஸில் பார்த்துவிட்டுக் கனவு காண்போம் இல்லையா, அது வங்கிக் கடனோடு சேர்ந்தது, வங்கி மேலாளர் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது, முதலில் அவரைப் போய்ப் பார் என்பார். அவல்காரரைப் புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிற நிஃப்டெம் என்ற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு, அங்கே உணவுப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது என்று அனுப்பிவைத்ததும் அவர்தான்.

இன்னொரு குறை நேரம். முன்பு ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பது வரை இழுப்பார்கள், அக்காவும் இன்னொரு பெண்ணும் கடைசி பஸ்ஸுக்குப் பாதியிலேயே எழுந்துவிடுவார்கள். நோட்டில் எழுதித்தான் மாற்றினோம், இப்போது நாலு மணி. அப்புறம் கொசு. அதற்கு நோட்டில் எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை.

2024 செப்டம்பரில் தஞ்சாவூருக்கு நியோ டைடல் பார்க் என்ற அரசு ஐடி வளாகம் வந்துவிட்டது, இனிமேல் இந்த மாதிரி மாடி அறை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல ஏசி, நல்ல நாற்காலி, பத்துப் பேர் கம்பெனி என்றால் அங்கே போங்கள். தனி ஆளாக, சொந்தக்காரர்கள் "வேலை ஒண்ணும் அமையலையா" என்று கேட்கும் நிலையில் இருந்தால் முதலில் 250 கொடுத்து ஒரு சனிக்கிழமை இங்கே வந்து பாருங்கள். வாய் திறக்காமல் கேட்டுவிட்டுப் போனாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இரண்டாவது வாரம் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

மார்க் போடச் சொன்னால் மேசைக்கு ஐந்துக்கு இரண்டரை, சனிக்கிழமைக்கு நாலரை. நோட்டில் என் கணக்கு வாங்கியது ஆறு, செய்தது நாலு. ஒரத்தநாட்டு ட்ரோன் தம்பிக்கு பேட்டரிச் செலவையும் வாடகையையும் எக்செல்லில் போட்டுக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு இரண்டு வாரம் ஆகிறது, பேராவூரணிக்காரர் நேற்று வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார், ஒரு வார்த்தை எழுதவில்லை.