பழைய கைப்பாவைக்கு எம்சீல்: கழுத்துக்குப் போடலாம், முகத்துக்கு வேண்டாம்

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை எந்த ஹார்டுவேர் கடையிலும் எம்சீல் என்று கேட்டால் இரண்டு நிற உருண்டையாக ஒரு மக்கு தருவார்கள். ஒன்று எபாக்சி பிசின், மற்றது அதை இறுகவைக்கும் பொருள். குழாய் ஒழுகலுக்கு வாங்குகிற சாமான்தான். பள்ளிக்கூட அலமாரியிலோ வீட்டுப் பரணிலோ கிடக்கும் காகிதக்கூழ்த் தலைக் கைப்பாவைகளைச் சரிசெய்ய உட்கார்ந்தால் பலரும் முதலில் தேடுவதும் இதைத்தான். கழுத்து விளிம்புக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. கன்னத்திலும் நெற்றியிலும் அப்பினால் பாவை கெடும்.

கைப்பாவையில் முதலில் நைவது கழுத்துதான். ஆட்காட்டி விரல் நுழைகிற குழல் அது. சட்டையைக் கட்டுவதும் அங்கேதான். வியர்வை பட்டுப்பட்டு அட்டை ஊறி, விளிம்பு பிரிந்து, கட்டு நழுவும். விளிம்பில் ஊறிய பகுதியை வெட்டி எறியுங்கள். அஞ்சலட்டைத் தடிமன் உள்ள அட்டையை விரலின் இரண்டாம் கணு வரை தளர்வாக நுழையும் அளவுக்குச் சுருட்டி, வெள்ளைப் பசை (ஃபெவிகால் வகை) தடவி உள்ளே செருகி, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகுதான் மக்கு. இரண்டு உருண்டையிலும் சம அளவு கிள்ளி, நிறக்கோடு மறையும் வரை பிசைய வேண்டும். கோடு தெரிந்தால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். 4 செ.மீ. குறுக்களவுள்ள கழுத்துக்கு 10 கிராமுக்கு மேல் தேவைப்படாது. வெயில் காலத்தில் சீக்கிரம் இறுகிவிடும், ஆகையால் ஒரு கழுத்துக்கு வேண்டியதை மட்டும் பிசையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இறுகவைக்கும் பொருள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும்.

வளையமாகச் சுற்றிய மக்கு இறுகாமல் இளக்கமாக இருக்கும்போதே நனைத்த சணல் கயிற்றை அதன்மேல் சுற்றி அழுத்தி எடுத்துவிடுங்கள். பதிந்த பள்ளத்தில்தான் சட்டையின் கட்டு உட்காரும், ஆட்டத்தில் நழுவாது. ஈர விரலால் விளிம்பை மழமழப்பாக்கி, 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள்.

முகத்துக்கு ஏன் கூடாது? காகிதக்கூழ் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மக்கு அசையாது. நம் கரையில் இந்த வித்தியாசம் கூடுதலாக வேலை செய்கிறது. கடல் காற்று படியவைக்கும் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். பகலில் காயும், இரவில் மறுபடி ஊறும். மக்கின் ஓரத்தைச் சுற்றி முதலில் மயிரிழை வெடிப்பு வரும், பின்னால் மக்கு தனியே கழன்று, பழைய காகிதத்தையும் வர்ணத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். கனமும் கூடுதல். தலை கனத்தால் ஆட்டுபவரின் விரல் வலிக்கும், பாவை எப்போதும் தலைகுனிந்தே நிற்கும்.

முகத்துக்கு வெள்ளைப் பசையும் செய்தித்தாளுமே போதும். பசையும் தண்ணீரும் சரிபாதி. தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்து படியும், தடம் தெரியாது. ஓட்டையை மூன்று அடுக்காக மூடி, ஒவ்வோர் அடுக்கையும் நிழலில் முழுதாகக் காயவைத்துவிட்டு அடுத்ததை ஒட்டுங்கள். அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. மைதாப் பசையும் பிடிக்கும்தான், ஆனால் ராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். அதற்காக மயில்துத்தம் கலப்பது பழைய பைண்டிங் வழக்கம். குழந்தைகள் கையாளும் பாவைக்கு அந்த விஷம் வேண்டவே வேண்டாம்.

எதை ஒட்டுவதற்கு முன்னும் உப்பை எடுக்க வேண்டும். உலர்ந்த மென்பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பஞ்சில் தண்ணீர் தொட்டு ஒற்றுங்கள். நம் பக்கம் போர் தண்ணீரே பல இடங்களில் உவர்ப்பு, அதில் துடைத்தால் இன்னும் உப்பு சேரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் காதுக்குப் பின்னால் சோதியுங்கள்: பஞ்சில் வர்ணம் வந்தால் அது போஸ்டர் கலர், ஈரமே படக் கூடாது, எனாமல் என்றால் தாங்கும்.

சட்டை பெரும்பாலும் கட்டைவிரலுக்கும் உடலுக்கும் நடுவில் கிழியும். பசை போட்டு ஒட்டாமல், காடாத் துணியில் சாய்சதுரத் துண்டு வெட்டி உள்பக்கம் வைத்துத் தையுங்கள். இரும்பு ஊக்கு, ஆணி எதுவும் வேண்டாம், ஒரு மழைக்காலத்திலேயே துருக்கறை துணியில் இறங்கிவிடும்.

கேரளத்துப் பாவக்கதகளிப் பாவைகளைப்போலத் தலையும் கையும் மரத்தில் செதுக்கியவை என்றால் கணக்கு வேறு. உடைந்த விரல் நுனி, மூக்கு நுனிக்கு மக்கு நன்றாக நிற்கும். நார் ஓட்டத்தில் நீளமாகப் பிளந்த வெடிப்பில் அடைக்காதீர்கள். மரம் மறுபடி விரியும்போது பிளவு பக்கத்தில் தள்ளிப்போகும்.

முன்பு யாரோ முகத்தில் மக்கை அப்பிவைத்த பாவை கையில் வந்தால், உளியால் நெம்பாதீர்கள். 80 எண் உப்புத்தாளால் மக்கின் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, பிறகு 180. தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஓரத்தின் இருபுறமும் 2 செ.மீ. மூடும்படி தாள் கீற்றுகளை இரண்டு அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் 320 போட்டு வர்ணம் பூசலாம்.