அளவீட்டுக் கேபிளின் இழப்பை ஈடுசெய்தல்: ஆறு ஆண்டுப் பாவனை அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு அண்மையில் உள்ள எங்கள் திருத்தகத்தில், படகுகளில் பொருத்தும் விஎச்எஃப் வானொலிக் கருவிகளைப் பரிசோதிப்பதற்கு ஒரே ஸ்பெக்ட்ரம் அனலைசரை (சிக்னலின் வலுவை அதிர்வெண் வாரியாகத் திரையில் காட்டும் கருவி) ஆறு ஆண்டுகளாகப் பாவித்து வருகிறேன். அதன் திரையில் தெரியும் எண்ணை எப்போது நம்பலாம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு முதல் ஓராண்டு தேவைப்பட்டது.

அந்த ஆண்டில், 25 வாட் வலுவுள்ள கருவிகள் 16ஆம் அலைவரிசையில், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், ஒன்றன்பின் ஒன்றாக 22 வாட் அளவையே காட்டின. நான் கருவிகளைச் சந்தேகித்து இரண்டொன்றின் வலுவைக் கூட்டியும் விட்டேன். உண்மையில் குறை என் மேசையில்தான் இருந்தது. அனலைசருக்குள் போகும் சிக்னலைக் குறைக்கும் 30 டெசிபல் (வலு விகிதத்தின் அலகு) அட்டென்யுவேட்டரைக் கணக்கில் எடுத்திருந்த நான், இரண்டு மீற்றர் ஆர்ஜி-58 கேபிளையும் அதன் இரு முனைகளில் இருந்த அடாப்டர்களையும் மறந்துவிட்டேன். அவை மூன்றும் சேர்ந்து விழுங்கியது அரை டெசிபல்தான். ஆனால் அரை டெசிபல் என்பது வலுவில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்.

அன்றிலிருந்து கேபிளைத்தான் முதலில் அளக்கிறேன். சிக்னல் ஜெனரேட்டரைக் குறுங்கேபிளால் அனலைசருடன் இணைத்து அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு வேலைக்குரிய கேபிளை அடாப்டர்களோடு இடையில் சேர்த்து மீண்டும் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இழப்பு. இணைப்பின் இரு பக்கமும் 6 டெசிபல் அட்டென்யுவேட்டர் வைத்தால், மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) பொருந்தாமையால் திரும்பி வரும் அலைகள் அடங்கி, எண் தடுமாறாமல் நிற்கும். இழப்பு அதிர்வெண்ணோடு ஏறுவதால் ஒரே எண் எல்லாவற்றுக்கும் பொருந்தாது: 156 மெகாஹெர்ட்ஸில் அரை டெசிபலுக்கும் குறைவாக இழக்கும் அதே இரண்டு மீற்றர் கேபிள், வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டு டெசிபலுக்கு மேல் இழக்கிறது. ஆகவே அதிர்வெண் வாரியான அட்டவணையை எழுதி, அளந்த திகதியுடன் கேபிளிலேயே கட்டியிருக்கிறேன். கருவியைப் பரிசோதிக்கும்போது அந்த அதிர்வெண்ணுக்குரிய இழப்பை ஆஃப்செட்டாக, அதாவது திரையின் அளவோடு கூட்டிக் காட்டும் ஈட்டு எண்ணாக, அனலைசரில் இடுகிறேன்.

கடற்காற்று கனெக்டர்களை விட்டுவைப்பதில்லை. நடு ஊசியில் பச்சை பூத்த ஒரு பிஎன்சி முனையை அசைத்தபோது திரையில் அளவு ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்தேன். அத்தகைய முனையை எந்த ஈட்டு எண்ணாலும் சரிக்கட்ட முடியாது, வெட்டி மாற்றத்தான் வேண்டும். புதிய முனைகளைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும், அளந்து பார்க்காமல் மேசைக்குக் கொண்டுவருவதில்லை.

ஆஃப்செட் என்பது திரையின் எண்ணை மாற்றுமே தவிர, உள்ளே நுழையும் சிக்னலை மாற்றாது. ஈடு கூட்டிய அளவுக்கு, சிக்னல் இல்லாதபோதும் தெரியும் இரைச்சல் தளமும் திரையில் மேலெழும். உள்ளீடு தாங்கும் எல்லையோ அப்படியே இருக்கும். எங்கள் அனலைசரில், அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் பிரீசெட் பொத்தானை அழுத்தினால் ஆஃப்செட் பூச்சியமாகிவிடுவதால், காலையில் கருவியை இயக்கியதும் நான் முதலில் பார்ப்பது திரையின் மூலையில் உள்ள அந்தச் சிறிய எண்ணைத்தான்.